மூணடி நாலங்குலம்

வீட்டு வரியும் தண்ணீர் வரியும்
ஏப்ரல் முதல் தேதியே கட்டிவிடுகிறவன் நான்.
முப்பத்தொரு வருஷத்து ரசீதும்
ஒரு பழைய எக்ஸ்ரே கவரில் இருக்கிறது.
ஆகவே வீரவநல்லூரைப் பற்றிப் பேச
எனக்குப் பாத்தியதை உண்டு வே.

முதலில் இந்த பிளெக்ஸ்.
காது குத்தினால் பிளெக்ஸ், செத்தால் பிளெக்ஸ்.
செத்தவர் சிரிக்கிறார்,
சுற்றிலும் பதினாறு பேர்
கறுப்புக் கண்ணாடி போட்டு போன் பேசுகிறார்கள்.
யாரிடம் பேசுகிறார்கள்?

கொடைக்கு மூணு நாள் ரேடியோ செட்டு பாடட்டும்,
அது அம்மனுக்கும் ஊருக்கும் உள்ள ஏற்பாடு.
கட்சிக்காரனுக்கு எதுக்கு மூணு மணி நேரம்?

இலவசம் கூடாது என்பது என் கொள்கை.
கிரைண்டர் கொடுத்தார்கள், வாங்கத்தான் செய்தேன்.
வாங்காவிட்டால் என் பேரில் எவனாவது வாங்கிவிடுவான்.
பெட்டி பிரிக்காமல் மச்சில் கிடக்கிறது.
பிரமு வருஷத்துக்கு ரெண்டு தடவை கேட்பாள்.
கொள்கை என்றால் சும்மாவா.

பதினொண்ணாம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினபோதே சொன்னேன்,
பேர் அவள் பேர், பேச்சு புருஷன் பேச்சு என்று.
எட்டாம் வார்டில் அதுதானே நடக்கிறது.
மெம்பர் வீட்டில் புளி கரைக்கிறாள்,
மெம்பர் மாப்பிள்ளை மாசானமுத்து
புல்லட்டை ஆஃப் பண்ணாமலே
காண்ட்ராக்டரிடம் கணக்குப் பேசுகிறான்.

எங்கள் வார்டில் முப்பிடாதி ஜெயித்தாள்.
நான் போடவில்லை.
காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு, பீடி சுற்றினவள்.
புருஷன் திருப்பூர் பனியன் கம்பெனியில்.
ஆக, கையெழுத்தை அவளேதான் போட வேண்டியிருக்கிறது.
நோட்டீஸில் பார்த்தேன்.
கையெழுத்தைக் குறை சொல்ல முடியாது.

கார்த்திகை மழைக்கு வாருகால் அடைத்து
தெருத் தண்ணீர் தார்சா வரைக்கும் ஏறியது.
மனு எழுதினவன் நான்தான். ஏழு மனு.
‘ஆக்கிரமிப்பு எவருடையதாயினும் பாரபட்சமின்றி அகற்றுக.’
பாரபட்சமின்றி என்பதற்கு அடியில்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன்.

தை பிறந்து ஒன்பதாம் நாள் வந்தாள்.
கையில் டேப்பு, கக்கத்தில் என் ஏழு மனு.
“அண்ணாச்சி, இதைச் செத்த பிடிங்க.”
பூஜ்யம் இருக்கிற முனை என்னிடம்.
நிலைப்படியோடு என் பட்டா முடிகிறதாம்.
அங்கே வைத்துக் குனிந்து நிற்கிறேன்.
அவள் பின்னாலேயே நடந்து போகிறாள்,
படி தாண்டி,
பிரமு கோலம் போட என்று
சிமெண்டு பூசிக் கொடுத்த மேடை தாண்டி,
வாருகால் தாண்டி.

“மூணடி நாலங்குலம்.”

எதிர்வீட்டுச் சங்கரமூர்த்தி
ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

சண்டை போட்டிருக்கலாம்.
டேப்பு நைந்தது என்றிருக்கலாம்.
சேரன்மகாதேவியில் நமக்கு வக்கீல் இருக்கிறார்.
ஆனால் அவள் அப்பா சப்பாணிமுத்து
கன்னடியன் காலில் எங்கள் வயலுக்கு மடை திறந்தவர்.
பிசானத்தில் தண்ணீருக்கு வெட்டுக்குத்து நடந்த வருஷம்கூட
அரிக்கேன் லைட்டோடு ராத்திரி பூரா நின்று
முறைத் தண்ணீரை ஒரு விரற்கடை
கூட்டாமல் குறைக்காமல் விட்ட மனுஷன்.
பரம்பரை பரம்பரை என்று வாய் ஓயாமல் பேசுகிறேனே,
அதில் இதுவும் வந்துதானே தொலைக்கும்.

“அளவு சரிதான்” என்றேன்.

கொத்தனாரைக் கூப்பிட்டு நானே இடித்தேன்.
பஞ்சாயத்து மெஷின் என் வாசலைத் தொட விடுவேனா?
எட்டாவது மனுவும் போயாயிற்று.
எதிர்வீடு நாலடிக்குக் குறையாது.
அடுத்த தடவை ஓட்டு அவளுக்கா என்று
டீக்கடையில் வைத்துக் கேட்கிறான்கள்.
கேட்கிற கேள்வியா அது?

இப்போது வாருகாலுக்குக் குறுக்கே ஒரு பலகை.
ராத்திரி ஒன்பதுக்கு உள்ளே எடுத்துவிட வேண்டும்,
மெம்பர் உத்தரவு.
ஒரு முனை நான், மறு முனை பிரமு.
மேடை போன வருத்தத்தில் அவள்
ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை.
பலகையைத் தூக்கும்போது
அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது.
சாக்கடைதான்.
கொஞ்ச நேரம் பிடித்தபடியே நிற்கிறோம்.